அமந்தானி தீவில் ஒரு கெச்சுவா வீட்டில் தங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

படகுத்துறையில் இறங்கியதும் ஓர் அம்மா உங்களை அழைத்துப்போக நிற்பார். தலையில் பூவேலை செய்த கறுப்புச் சால்வை இருக்கும், கையில் தக்களியும் இருக்கலாம். அவர் கம்பளி நூற்றுக்கொண்டே மேட்டுப் பாதையில் ஏறுவார். பின்னால் வரும் நீங்கள் இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவீர்கள். பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியில் கெச்சுவா பழங்குடிகள் வாழும் அமந்தானி தீவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் அரைமணி நேரம் இப்படித்தான் கழிகிறது.

ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. லிமாவிலிருந்து ஹூலியாகாவுக்கு விமானத்தில் வந்திறங்கி, மறுநாள் காலையே ஏரிக்கரை ஊரான புனோவின் துறைமுகத்தில் படகேறுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் சேர்ந்து வருவதை அங்கே ‘சொரோச்சே’ என்பார்கள். நிற்கும்போது தள்ளாட்டமோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். ஆனால் தீவிலிருந்து எங்கே இறங்குவது? படகில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்ச் சேரும் புனோவும் அதே உயரம்தான். அதனால் அரெகிபா நகரம் (சுமார் 2,300 மீட்டர்) வழியாகப் படிப்படியாக ஏறி வாருங்கள். முடியாவிட்டால் புனோவிலேயே இரண்டு மூன்று இரவுகள் தங்கி, உடம்பு பழகிய பிறகு படகேறுங்கள். சொரோச்சேவுக்கான மாத்திரை பற்றி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் முனியா என்ற மலைப்புதினாவைச் சுடுநீரில் போட்டுத் தருவார்கள். மறுக்காமல் குடியுங்கள், வயிற்றுக்கு இதமாக இருக்கும். கோக்கா இலைத் தேநீரும் கிடைக்கும், அங்கே அது சாதாரண விஷயம். அப்புறம், நினைவுப் பொருளாக இருக்கட்டும் என்று கோக்கா இலைப் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இந்தியா திரும்பாதீர்கள். கோக்கா இலை இங்கே போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். அதைக் குடித்திருந்தாலே சிறுநீர்ப் பரிசோதனை உங்களைக் காட்டிக்கொடுக்கும்; வேலைக்கான மருத்துவப் பரிசோதனை காத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. “நமக்கெல்லாம் வெயில் பழக்கம்” என்று தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் படகின் மேல்தட்டில் உட்காருவது. காற்று சில்லென்று இருப்பதால் வெயில் உறைக்கிற மாதிரியே தெரியாது. அந்த உயரத்தில் புற ஊதாக்கதிர் கடுமை. கறுத்த தோலும் உரியும்.

டிட்டிகாக்கா என்றதும் கோரைத்தட்டு மிதவைத் தீவுகள்தான் பலருக்கு நினைவு வருகின்றன. அவை புனோவுக்கு அருகில் உள்ள உரோஸ் தீவுகள். அங்கே பேசுவது ஐமாரா மொழி. அமந்தானி கல்லும் மண்ணுமான மலைத்தீவு. அதன் படிக்கட்டு வயல்களில் உருளைக்கிழங்கும் கினோவா என்ற தானியமும் விளைகின்றன. அங்கே மொழி கெச்சுவா. உங்கள் ஸ்பானியம் தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம், வீட்டுப் பாட்டிக்கும் அது இரண்டாம் மொழிதான். ‘அயியாஞ்சு’ என்று நலம் விசாரித்துப் பாருங்கள், முகம் மலரும். தமிழ் பேசுகிறவருக்கு இங்கே ஒரு சின்ன ஆனந்தமும் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இல்லாத நாம், நாங்கள் வேறுபாடு கெச்சுவாவில் அப்படியே உண்டு: ‘நொகன்ச்சிக்’ என்றால் நாம், ‘நொகய்க்கு’ என்றால் நாங்கள்.

எந்த வீட்டில் தங்குவது என்பதைப் பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான் முறைவைத்து ஒதுக்குவார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் வருமானம் போய்ச்சேர அதுதான் வழி. “அந்த வீடு நன்றாக இருக்கிறதே, அங்கே மாற்றித் தாருங்கள்” என்று கேட்டால் ஒருவரின் முறையைப் பறிக்கிறீர்கள் என்று அர்த்தம். மண்கல் சுவர், கனத்த கம்பளிப் போர்வைகள், சூரியத்தகட்டில் எரியும் ஒரு விளக்கு, முற்றத்தைத் தாண்டிக் கழிப்பறை என்று எதிர்பார்த்துப் போங்கள். ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் உறைநிலையைத் தொடும். டார்ச் இல்லாமல் போனால் நடுராத்திரியில் அவதிதான். தண்ணீர் அரிதாகக் கிடைக்கும் இடம், ஓர் இரவு குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

சாப்பாட்டு விஷயத்தில் சைவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. கினோவா சூப், உருளைக்கிழங்கு, ஓக்கா கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டி என்றுதான் தட்டு வரும். ஆனால் ‘கார்னே (ஸ்பானியத்தில் இறைச்சி) வேண்டாம்’ என்பதோடு நிறுத்தினால் போதாது. மீனும் கோழியும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது என்று நினைப்பவர்கள் நிறைய. தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். சோறு சற்று விறைப்பாக வந்தால் சமைத்தவரைக் குறை சொல்லாதீர்கள், அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கறுத்துச் சுருங்கிய கிழங்கைப் பார்த்து அழுகியது என்று ஒதுக்கவும் வேண்டாம். அது சுன்யோ. இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீர் பிழிந்து, வெயிலில் காயவைப்பார்கள். நம் வற்றல் மாதிரி வருடக்கணக்கில் கெடாது. அவர்கள் வயலில் விளைந்ததைத் தட்டில் மீதம் வைப்பது சங்கடம். பரிமாறும்போதே கொஞ்சமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பது அன்பு என்று தோன்றும். பல் மருத்துவர் பக்கத்தில் இல்லாத ஊரில் அது அன்பு இல்லை. வருகிறவரிடமெல்லாம் கை நீட்டவும் அது பழக்கும். புனோ சந்தையில் அரிசி, சர்க்கரை, எண்ணெய், பழம் வாங்கிப்போய் வீட்டு அம்மாவிடம் கொடுங்கள். ஏடிஎம்மை நம்பிப் போகாமல் பெருவின் பணமான சோலைச் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். முகவர் மூலம் போனால் கட்டணத்தில் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். மழுப்பினால் துறைமுகத்தில் தீவுக்காரர்களின் படகை விசாரியுங்கள். முகவரிடம் கேட்காத பேரத்தைப் பின்னல் விற்கும் பாட்டியிடம் நடத்துவது எனக்குப் புரிவதே இல்லை.

மாலையில் பச்சதாத்தா, பச்சமாமா (தந்தை பூமி, தாய் பூமி) என்ற இரு சிகரங்களில் ஒன்றுக்கு ஏறுவார்கள். உச்சிக் கோயில்களின் வாசல் ஜனவரித் திருவிழாவுக்குத்தான் திறக்கும். படத்துக்காகச் சுவர் ஏறிக் குதிக்காதீர்கள். இறங்கி வந்ததும் இரவு நடனத்துக்கு அவர்கள் உடையையே உங்களுக்கு மாட்டிவிடுவார்கள். கூச்சத்தில் ஒதுங்கி நிற்காமல் ஆடுங்கள், இரண்டு பாட்டு முடிவதற்குள் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள்ளலாம்.

மறுநாள் படகு பெரும்பாலும் தகீலே தீவில் நிற்கும். அதன் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005இல் அங்கீகரித்தது. தொப்பி பின்னுவது அங்கே ஆண்களின் வேலை. முழுச் சிவப்பென்றால் மணமானவர், மேல்பாதி வெள்ளையென்றால் மணமாகாதவர். வாங்கியதும் தலையில் மாட்டிக்கொள்ளும் முன், எந்தத் தொப்பி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.