"சின்ன சிகிச்சைதானே" என்று அசட்டையாகப் போகாதீர்கள்

கருப்பை வாயில் பயாப்ஸி (சோதனைக்குச் சிறு திசு எடுப்பது), கருத்தடைக்கான காப்பர்-டி பொருத்துவது, கால்போஸ்கோபி (கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது), ஹிஸ்டரோஸ்கோபி (கருப்பைக்குள் மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பது) போன்றவை இப்போது அட்மிட் ஆகாமலேயே நடக்கின்றன. பெரும்பாலும் சில நிமிட வேலை. அதனாலேயே தயாராக ஒன்றுமில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

முதலில் வயிறு. சிகிச்சை என்றதுமே பட்டினியாக வருபவர்கள் உண்டு. முழு மயக்கமோ தூக்க மருந்தோ தருவதாக இருந்தால்தான் வெறும் வயிறு தேவை. மற்றபடி லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது. கருப்பை வாயைத் தொடும்போது சிலருக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி, வியர்த்து, கண் இருட்டும். பட்டினியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முடிந்த கையோடு எழுந்துவிடாமல் கொஞ்ச நேரம் படுத்திருங்கள்.

அடுத்தது வலி. இதில்தான் பெண்கள் தங்களுக்கே அநியாயம் செய்துகொள்கிறார்கள். "பீரியட்ஸ் வலி மாதிரிதான் இருக்கும்" என்பார்கள். பலருக்கு அப்படித்தான், சிலருக்கு அது தாங்க முடியாத வலி. சுகப்பிரசவம் ஆகாதவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், ஏற்கெனவே மாதவிடாயில் கடும் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் முன்பு இபுப்ரோஃபென் போன்ற மாத்திரை போடலாமா என்று கேளுங்கள் (ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அது சரிப்படாமல் போகலாம்). நடுவில் முடியவில்லையா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள். மரத்துப்போக ஊசி போடலாம், இன்னொரு நாள் மயக்கம் கொடுத்தும் செய்யலாம். பொறுத்துக்கொண்டதற்காக யாரும் பரிசு தரப்போவதில்லை.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, அயோடின் ஒவ்வாமை, கர்ப்பமாக இருக்கலாமோ என்ற சந்தேகம், எதையும் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

பாப் ஸ்மியருக்கு (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துச் சோதிப்பது) இரண்டு நாள் முன்பிருந்தே உடலுறவு, பிறப்புறுப்பில் வைக்கும் மருந்து, உள்ளே கழுவுவது எல்லாவற்றையும் தவிருங்கள். அன்று உதிரப்போக்கு அதிகமிருந்தால் தேதியை மாற்றலாம். ஆனால் ஒழுங்கற்ற உதிரப்போக்குக்காகவே சோதனை என்றால், உதிரம் பட்டதும் நீங்களாக ரத்து செய்யாமல் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மாதவிடாய் நின்றபின் உதிரம் பட்டால் தள்ளிப்போடவே கூடாது.

வீட்டுக்கு வந்தபின் பலரைப் பயமுறுத்துவது நிறம்தான். அயோடின் தடவியிருந்தால் பழுப்பாகக் கசியும். ரத்தத்தை நிறுத்தத் தடவும் மருந்து, காப்பிப் பொடி கலந்ததுபோல் கருப்பாக வரும். இவை இயல்பு. மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றம், நேரம் ஆக ஆகக் கூடும் வயிற்று வலி ஆகியவை இயல்பல்ல; உடனே மருத்துவமனைக்குப் போங்கள். லீப் முறையில் (மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால்) கருப்பை வாய்த் திசுவை அகற்றியிருந்தால் சுமார் 4 வாரம் உடலுறவும், உள்ளே வைக்கும் டாம்பனும் வேண்டாம், நாப்கின் போதும்.

அப்புறம் ரிசல்ட். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை என்றால் எல்லாம் நார்மல் என்று அர்த்தமில்லை. கிளம்பும்போதே எப்போது, யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் நீங்களே கூப்பிடுங்கள்.