டெல்டாவிலிருந்து திரும்பும்போது பெட்டியில் எதை வைக்கக் கூடாது?

தரங்கம்பாடிக் கடற்கரையில் மணலைத் தோண்டி விளையாடும் பிள்ளையின் கையில் பழைய காசு ஒன்று அகப்பட்டால், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவது குற்றமாகலாம் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டத் தொடங்கி, 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன ஊர் அது. கரையைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்தப் பத்து ரூபாய்க்கு இன்று கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபிகூடக் கிடைக்காது. கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்து, ஆட்சியர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பூர்வீக வீட்டுக்கு வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் குத்துவிளக்கையோ தஞ்சாவூர் ஓவியத்தையோ நினைவாக எடுத்துச் செல்லும் ஆசை இயல்பானதுதான். ஆனால் நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள் எதுவாயினும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்ல முடியாது. ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டுகளே எல்லை. குடும்பச் சொத்து என்ற வாதம் திருச்சி விமான நிலையத்தில் எடுபடாது. சுவாமிமலையில் போன மாதம் வார்த்த நடராஜர்கூடச் சந்தேகத்தைக் கிளப்பலாம், ஏனெனில் அங்குள்ள ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, சோழர் காலத்து முறையிலேயே வார்க்கிறார்கள். ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துவதுடன், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுத் தர முடியுமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பயணத்தின் கடைசி நாளில் சிலை வாங்குவது என் பார்வையில் வீண் வம்பு.

அடுத்தது காரைக்கால். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வழியாக வேளாங்கண்ணிக்குப் போகும்போது, நடுவில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் நுழைந்து மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறீர்கள். திருநள்ளாறும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அங்கே கடையில் முறைப்படி வாங்கிய மது பாட்டில், உரிமம் இல்லாமல் எல்லை தாண்டினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் சிக்கும். சோதனைச் சாவடியில் வண்டியும் பறிமுதலாகலாம். வாடகை வண்டியில் போகிறவர்கள் ஓட்டுநரிடமும் இதை முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது.

கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமானும் புள்ளிமானும் உண்டு. காட்டில் உதிர்ந்து கிடக்கும் புள்ளிமான் கொம்பைக்கூட எடுத்துவரக் கூடாது. கடற்குதிரை, பவளம் ஆகியவற்றைக் காயவைத்து யாராவது விற்றால் வாங்காதீர்கள். பச்சைக்கிளியைக் கூண்டோடு வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளைகள் அடம்பிடித்தாலும் மறுத்துவிடுங்கள், அதை வளர்ப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மயிலிறகின் கதை மட்டும் சற்று வேறு. தானாக உதிர்ந்ததை உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லத்தான் தடை. குட்டி போடும் என்று நம்பிப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் ஒன்றை ஒளித்துவைத்திருக்கக்கூடும். விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.