லீவர் ரைபிளில் கடைசித் தோட்டா ஏறாத கோளாறு: என் அனுபவம்

அப்பாரு காலத்து வின்செஸ்டர் 1892 ரைபிள், கீழே இருக்கிற லீவரை ஆட்டித் தோட்டா ஏத்துற ரகம். லைசென்ஸ் இப்போ என் பேர்ல. அந்தியூர்ப் பக்கம் தோட்டத்து வீட்ல இருக்கு. முதல் தோட்டாக்கள் ஒழுங்கா ஏறும். கடைசி ரெண்டும் லீவரை எத்தனை ஆட்டினாலும் வராது. இதுல பீப்பாய்க்குக் கீழே இருக்கிற குழாய்லதான் தோட்டாக்கள் வரிசையா இருக்கும், உள்ளே ஒரு ஸ்பிரிங் அதுகளைத் தள்ளும். குழாய் காலியாகக் காலியாக ஸ்பிரிங்கோட தள்ளுவிசை குறையும். அப்பத்தான் உள்ளே இருக்கிற பிசுக்கு வேலையைக் காட்டும்.

தோட்டா முழுக்க எடுத்து, சேம்பரை (சுடறப்போ தோட்டா உட்காருற இடம்) விரல் விட்டும் பார்த்த பிறகே குழாய் முனைத் திருகைக் கழற்றினேன். மூடியைக் கட்டைவிரலால அழுத்திப் பிடிங்க, ஸ்பிரிங் சீறிட்டு வரும். உள்ளே பழைய எண்ணெய் கருப்பட்டிப் பாகாட்டம் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, உலர்ந்த துணி விட்டு, பேருக்கு ஒரு துளி மெஷின் எண்ணெய். அதிகமானா தூசி திரும்ப அப்பிக்கும்.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டவே நீட்டாதீங்க. தளர்ந்திருந்தா லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில மாத்துங்க. டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுப் பார்த்தேன், கடைசி வரைக்கும் ஏறுது.