பவுன்ஸ் மெயிலில் தெரியும் முகவரியை நம்பிச் செய்யும் தவறுகள்

சென்னை தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம், சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவிக்கும் கிளியரிங் ஆபீஸ்களில் மெயில் பார்க்கப் புதிதாக உட்காரும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். முகவரியில் எழுத்துப்பிழை, மெயில்பாக்ஸ் நிறைந்தது போன்றவற்றை விட்டுவிடுவோம். மெயில் போய்ச் சேரவில்லை என்று திரும்பி வரும் அறிவிப்புதான் பவுன்ஸ்; அதைப் படித்தாலே அவை தெரிந்துவிடும். வம்பு எல்லாம் அதில் காட்டும் பெயர்களில்தான்.

மெயிலர் டீமனுக்குப் பதில் எழுதுவது

பவுன்ஸை அனுப்பும் தானியங்கி நிரலின் பெயர்தான் அது. அந்தப் பக்கம் ஆளே கிடையாது.

அனுப்பாத மெயிலுக்குப் பவுன்ஸ் வந்தால் பதறுவது

மெயிலுக்கு இரண்டு அனுப்புநர் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியும் 'ஃப்ரம்', கடிதத்தாளில் அச்சடித்த பெயர் மாதிரி; அதில் யாரும் எதையும் எழுதலாம். சர்வர்கள் பார்ப்பது உறை மேலுள்ள முகவரியை, அதாவது ரிட்டர்ன் பாத்தை. பவுன்ஸ் அங்கேதான் திரும்பும். ஸ்பேம் அனுப்புகிறவன் இரண்டிலும் உங்கள் முகவரியைப் போட்டால் குப்பை உங்கள் வீட்டு வாசலில் விழும்.

பவுன்ஸோடு இணைந்து வரும் மூல மெயிலின் ஹெடரை, அதாவது மெயில் வந்த வழியைக் காட்டும் தலைப்பு வரிகளைத் திறந்து, ஒவ்வொரு சர்வரும் வாங்கும்போது மேலே சேர்க்கும் 'ரிசீவ்ட்' வரிகளில் மேலே உள்ளதைப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ளவற்றைப் போலியாக எழுத முடியும். அந்த மேல் வரியில் உங்கள் மெயில் சர்வர் இல்லையென்றால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த போலி, பாஸ்வேர்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. உங்கள் சர்வரே இருந்தால் அக்கவுண்ட் பெரும்பாலும் வேறொருவன் கைக்குப் போய்விட்டது: பாஸ்வேர்டை மாற்றுங்கள், கூடவே யாரோ வைத்த ஃபார்வர்டிங் விதி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

மெயிலர் டீமனை மொத்தமாக பிளாக் செய்வது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. போலி பவுன்ஸ் நூற்றுக்கணக்கில் கொட்டும். எரிச்சலில் ஒருவர் 'மெயிலர் டீமன், போஸ்ட்மாஸ்டர் பெயரில் வந்தால் டெலீட்' என்று ஃபில்டர் போடுவார். வெள்ளம் தானாகவே வடிந்துவிடும், ஃபில்டர் மட்டும் நிற்கும். போட்டவர் வேறு ஆபீஸுக்கும் போயிருப்பார்.

பிறகு ஒரு நாள் டி.ஓ. (சரக்கை எடுக்க அனுமதிக்கும் டெலிவரி ஆர்டர்) கேட்டு ஷிப்பிங் லைனுக்கு மெயில் போகும். அங்கே முகவரி மாறியிருக்கும். 550 5.1.1, அப்படி ஒரு ஆளே இல்லை என்று பவுன்ஸ் வரும். ஃபில்டர் அதை விழுங்கிவிடும். 'அனுப்பிட்டேன் சார், சென்ட்ல இருக்கு பாருங்க' என்பார் பையன். சென்டில் இருந்தால் நம் பக்கத்திலிருந்து கிளம்பியது என்று மட்டும்தான் அர்த்தம். மணலி சி.எஃப்.எஸ்.ஸில் (கண்டெய்னர் சரக்கு நிலையத்தில்) கண்டெய்னர் நிற்க நிற்க டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். பார்ட்டியிடம் யார் பேசுவது?

உண்மையான பவுன்ஸும் போலியும் ஒரே பெயர்களில்தான் வரும். பெயரை வைத்துப் பிரிக்கவே முடியாது. டெலீட் வேண்டாம். தனி லேபிளில் ஒதுக்கி, காலையும் மாலையும் ஒரு பார்வை பாருங்கள். நிரந்தர வைத்தியம் உங்கள் டொமைனின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் இருக்கிறது: எந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப்., மெயிலில் கையெழுத்துப் போடும் டி.கே.ஐ.எம்., இவற்றில் தேறாததை என்ன செய்வது என்று சொல்லும் டி.மார்க். எஸ்.பி.எஃப். ரெக்கார்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், அதற்குள் டி.என்.எஸ். தேடல் 10-ஐத் தாண்டக்கூடாது. டி.மார்க்கை முதலில் 'நன்' (எதையும் தடுக்காதே) என்று வைத்து ரிப்போர்ட்டுகளைப் படியுங்கள்; பில்லிங் சாஃப்ட்வேர், ஸ்கேனர் எல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிந்த பிறகே 'ரிஜெக்ட்'. எடுத்த எடுப்பில் ரிஜெக்ட் போட்டால் சொந்த இன்வாய்ஸே திரும்பும்.

தெரியாத முகவரியைப் பார்த்து கஸ்டமரிடம் மல்லுக்கு நிற்பது

இன்ஃபோ முகவரிக்கு எழுதினீர்கள். ஏதோ ஒரு ஜிமெயில் நிறைந்துவிட்டதாகப் பவுன்ஸ் வருகிறது. அவர்கள் ஆபீஸ் முதலாளியின் பழைய ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு வைத்திருப்பார்கள். 'ஒரிஜினல் ரெசிப்பியன்ட்' வரி இருந்தால் நீங்கள் எழுதியது, 'ஃபைனல் ரெசிப்பியன்ட்' முட்டி நின்ற இடம். போனில் அந்த ஃபைனல் முகவரியைப் படித்துக் காட்டினால் போதும். 4-இல் தொடங்கும் கோடு என்றால் சர்வர் பெரும்பாலும் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது, பொறுங்கள்; 5 என்றால் முடிந்தது.

பவுன்ஸ் வரவில்லை, அதனால் போய்ச் சேர்ந்தது

பில்லிங் சாஃப்ட்வேர் அனுப்பும் மெயிலில் ஃப்ரம் உங்கள் கம்பெனி, ரிட்டர்ன் பாத் அந்த சாஃப்ட்வேர்காரருடையதாக இருக்கலாம். பவுன்ஸ் அவருக்குத்தான் போகும். ஸ்கேனரில் என்றோ வேலையை விட்டுப்போனவரின் முகவரி இருக்கும். உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' திறந்து ரிட்டர்ன் பாத் வரியைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி 'என்னன்னு பாருங்க' என்பது

ஹெடர் அதில் வராது. மெயிலை ஹெடரோடு முழுசாகச் சேமிக்கும் .இ.எம்.எல். ஃபைலாக அனுப்புங்கள்.