மூடிப்போன உயிர்காப்புப் படகு நிலையத்தின் வரலாற்றைத் தேடி எடுப்பது எப்படி?

பிரிட்டன் கடலோரத்தில் பத்துப் பதினைந்து வருஷம் மட்டும் ஓடி, பிறகு சத்தமில்லாமல் மூடப்பட்ட உயிர்காப்புப் படகு நிலையங்கள் பல. பெரிய நிலையங்களுக்குத் தனிப் புத்தகமே இருக்கும். இவற்றுக்கு இரண்டு தேதியும் ஒரு படகின் பெயரும் கிடைத்தாலே பெரிது. உதாரணத்துக்கு, தென் இங்கிலாந்தின் டார்செட் கரையில் வொர்த் மாட்ராவர்ஸ் கிராமத்துக்குக் கீழே இருக்கும் சாப்மன்ஸ் பூல். 1866-ல் தொடங்கிய நிலையம் 1880-ல் மூடப்பட்டது. படகுக் கொட்டகை மட்டும் இன்றும் நிற்கிறது.

தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். 'தொடங்கிய ஆண்டு' என்று ஒரே ஒரு எண்ணை எழுதி வைக்காதீர்கள். நிலையம் வேண்டும் என்று முடிவெடுத்த நாள், கொட்டகை கட்டி முடிந்த நாள், படகு வந்து இறங்கிய நாள் எல்லாம் வேறு வேறு. மூடுவதும் அப்படித்தான்: முடிவு ஒரு வருஷம், படகை எடுத்துப் போனது அடுத்த வருஷம் என்று இருக்கலாம். புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு வருஷம் இடிப்பது பெரும்பாலும் இதனால்தான். இந்த ஐந்து தேதிக்கும் ஐந்து கட்டம் போட்டு, தெரியாததைக் காலியாக விடுங்கள்.

அடுத்தது, இந்த நிலையங்களை நடத்தும் ஆர்.என்.எல்.ஐ. எனப்படும் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷனின் பத்திரிகை. அமைப்பு 1824-ல் தொடங்கியது, பத்திரிகை 1852-லிருந்து வருகிறது. பழைய இதழ்கள் அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதால், முக்கால்வாசி வேலையை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். நிலையப் பட்டியலில் உங்கள் ஊர் முதலில் தென்படும் ஆண்டையும், காணாமல்போகும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் செயற்குழுக் கூட்டச் சுருக்கம். பொடி எழுத்தில், படிக்கவே அலுப்பாக இருக்கும். ஆனால் கட்ட அனுமதித்தது, மூடச் சொன்னது, செலவுக்குப் பணம் கொடுத்தது எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அந்தச் செலவுக் கணக்கை அலட்சியமாகத் தாண்டாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீட்புக்குப் போன ஒருவருக்குப் பகலில் 10 ஷில்லிங், இரவில் 1 பவுன் (20 ஷில்லிங்) என்பது வழக்கமான கூலி. 10 துடுப்புப் படகு என்றால் துடுப்புப் போட 10 பேர், கூடவே தலைமைச் சுக்கானியும் துணைச் சுக்கானியும் படகின் முன்முனையில் இருக்கும் முன்னணியாளும் சேர்ந்து 13 பேர். பகல் பயணத்துக்கு ஆள்கூலி மட்டும் 6 பவுன் 10 ஷில்லிங், இரவுக்கு 13 பவுன். அதன்மேல் படகு ஏற்றிய வண்டியை இழுத்த குதிரைகளுக்கும் கரையில் தள்ளிவிட்டவர்களுக்கும் கொடுத்தது வரும். செய்தியில் நேரம் சொல்லப்படாத ஒரு பயணம் பகலா இரவா என்று இந்தத் தொகையை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். கூலி விகிதம் மாறியிருக்கலாம் என்பதால், அந்தந்த வருஷத்து விதிகளோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

'காப்பாற்றப்பட்ட உயிர்கள்' என்ற எண்ணிக்கையில் ஒரு பொறி உண்டு. அமைப்பின் மொத்தக் கணக்கில், சாதாரண மீன்பிடிப் படகில் போய் ஆட்களை மீட்டு அமைப்பிடம் வெகுமதி வாங்கியவர்களின் கணக்கும் சேரும். படகு கடலில் இறங்கியது, கப்பல் பக்கத்தில் துணைக்கு நின்றது, உண்மையில் ஆளை ஏற்றியது மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். சின்ன நிலையத்தில் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படகின் பெயரும் குழப்பும். பணம் கொடுத்தவர் பெயரைச் சூட்டுவது வழக்கம். புதுக் கொடையாளி வந்தால் அதே படகுக்குப் பெயர் மாறும். நீளம், அகலம், துடுப்பு எண்ணிக்கை மூன்றும் பொருந்தினால் ஒரே படகா என்று சந்தேகப்படுங்கள். அமைப்பு ஒவ்வொரு படகுக்கும் கொடுத்த வரிசை எண்ணை வைத்துப் பிடிக்கலாம் என்றால், அந்த முறையே 1880-களின் பிற்பகுதியில்தான் வந்தது.

பழைய நாளிதழ்களில் தேடும்போது லைஃப்போட் என்பதை ஒரே சொல்லாகவும், இரண்டாகப் பிரித்தும், நடுவில் கோடு போட்டும் தட்டச்சு செய்யுங்கள். இடப்பெயரும் அப்படித்தான். சாப்மன்ஸ் பூலுக்குப் பக்கத்து முனையை இன்று செயின்ட் ஆல்ட்ஹெல்ம்ஸ் ஹெட் என்கிறார்கள். அந்தக் காலச் செய்திகளில் அது பெரும்பாலும் செயின்ட் ஆல்பன்ஸ் ஹெட். இது தெரியாமல் தேடினால் பாதி விபத்துகள் கண்ணில் படாது.

ஏன் மூடினார்கள் என்பதுதான் கடினமான பகுதி. 'கப்பல் விபத்து குறைந்துவிட்டது' என்று எழுதுவது சோம்பேறித்தனம். கப்பல் விவகாரங்களைக் கவனித்த அரசுத் துறையான போர்டு ஆஃப் டிரேட் ஆண்டுதோறும் வெளியிட்ட விபத்துப் பட்டியலைப் பார்த்தால் உண்மை தெரியும். சாப்மன்ஸ் பூலுக்குச் சொல்லப்படும் காரணம் ஆள் பற்றாக்குறையும் மண்சரிவும். இதில் முதலாவதைச் சோதிக்க 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலைத் திறந்து, அந்தத் திருச்சபை எல்லைக்குள் 18 முதல் 50 வயது வரையுள்ள மீனவர்களையும் மாலுமிகளையும் எண்ணுங்கள். பர்பெக் கல் எனப்படும் சுண்ணாம்புக்கல்லை வெட்டும் ஊர் அது. கல்லுடைப்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள், அவர்களைச் சேர்க்காதீர்கள். கடலோரக் காவலர்களைத் தனியே எண்ணுங்கள், ஏனென்றால் மாற்றல் வந்தால் அவர்கள் போய்விடுவார்கள். 13 பேர் வேண்டிய படகுக்கு, நோய்நொடி, வெளியூர்ப் பயணம் எல்லாம் கழித்துப் பார்த்தால் குறைந்தது 20 பேராவது கைவசம் இருக்க வேண்டும். கிராமமோ மேட்டில், சுமார் 2 கி.மீ. தள்ளி.

பக்கத்து நிலையங்களையும் வரிசைப்படுத்துங்கள். 1875 ஜனவரியில் ஸ்வானேஜ் ஊருக்குப் பக்கத்துப் பெவரில் முனையில் வைல்டு வேவ் என்ற கப்பல் மோதிய பிறகு, அதே ஆண்டு ஸ்வானேஜில் நிலையம் வந்தது. ஐந்து வருஷத்தில் சாப்மன்ஸ் பூல் மூடப்பட்டது. ஒன்றால்தான் மற்றது என்று எழுதக் கை துறுதுறுக்கும். கூட்டச் சுருக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் எழுதாதீர்கள்.

வரைபடத்துக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளம் போதும். பிரிட்டன் அரசின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல (ஒரு மைலுக்கு 25 அங்குலம்) வரைபடத்தில் அச்சிட்ட ஆண்டைப் பார்க்காதீர்கள், அளந்த ஆண்டைப் பாருங்கள். டார்செட்டை அளந்தது 1880-களின் பிற்பகுதியில், அதாவது நிலையம் மூடிய பிறகு.

நேரில் போனால் டேப் கொண்டு போங்கள். 33 அடிப் படகு சக்கர வண்டியோடு நிற்க எவ்வளவு உள்நீளம் தேவை என்று கணக்குப் போட்டு, சுவரை அளந்து பாருங்கள். கடலைப் பார்த்த பெரிய வாசல் பின்னாளில் அடைக்கப்பட்டிருந்தால் கல்வரிசையில் அடையாளம் இருக்கும். கொட்டகைக்குள் நுழைய அனுமதி வேண்டும். சாப்மன்ஸ் பூல் சரிவுகள் களிமண். மழைக்கு மறுநாள் போகவே வேண்டாம், மற்ற நாளிலும் பாறைச்சரிவின் அடியில் நிற்காமல், கடல் நீர்மட்டம் இறங்கும் நேரம் பார்த்து இறங்குங்கள்.