மாடிஃபை செய்த காரில் ஐடில் நிற்கவில்லையா? சென்சாரை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெடர்ஸ் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்கள்), ஓப்பன் ஏர் ஃபில்டர், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) எல்லாம் மாற்றியாச்சு. இப்போது சிக்னலில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், நின்றால் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) 600-க்கும் 1,500-க்கும் இடையே ஏறி இறங்குகிறது, ஏசி போட்டால் வண்டி ஆஃப் ஆகிறது. இந்த நிலையில் மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது), ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது), ஐடில் வால்வு (ஐடிலில் காற்றைக் கூட்டிக் குறைப்பது) என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. கடைசியாக எதில் கை வைத்தோமோ அங்கிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும். எஸ்டீம், ஜிப்ஸி வண்டிகளில் வந்த மாருதியின் 1.3 லிட்டர் 16 வால்வ் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) எஞ்சினை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

இந்த எஞ்சின் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்து ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கணக்குப் போடுகிறது. மேனிஃபோல்டிலிருந்து போகும் வேக்கம் ஹோஸ் கிழிந்து காற்று புகுந்தால் அழுத்தம் கூடும், ஈசியு பெட்ரோலையும் கூட்டும், ஐடில் ஏறிவிடும். காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் அதே லீக் வேறு மாதிரி தெரியும். அளவில் வராத காற்று என்பதால் கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து) எஞ்சின் தடுமாறும். ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலில் +15, +20 என்று நிற்கும், 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கிவிடும். ஒரு வகை வண்டிக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் நாள்தான் வீணாகும்.

லீக் தேடுகிறேன் என்று சூடான ஹெடர்ஸ் பக்கத்தில் கார்ப் கிளீனரையோ பிரேக் கிளீனரையோ அடிக்கவே கூடாது. தீப்பிடிக்கும். வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (எஞ்சின் உள்புகையை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது) இரண்டையும் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். ஆர்பிஎம் சட்டென்று மாறினால் அந்தப் பக்கம்தான் ஓட்டை. அதில் அகப்படாவிட்டால் ஸ்மோக் டெஸ்ட், அதாவது புகையைச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்று பார்ப்பது. இன்ஜெக்டர் ஓ-ரிங்கும் த்ராட்டில் பாடி கேஸ்கெட்டும் பெரும்பாலும் அதில்தான் மாட்டும்.

மேப் சென்சாரைச் சந்தேகப்பட்டால் எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பாருங்கள். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 77 வாக்கில் காட்டினால் அது சரியான அளவு. இந்தச் சோதனையில் தேறிய சென்சாரை மாற்றுவதற்கு முன் அதற்குப் போகும் ஹோஸையும் கப்ளரையும் பாருங்கள்.

த்ராட்டில் தட்டு எவ்வளவு மூட வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை ஏற்றுவது மிகவும் கெடுதலான பழக்கம். அந்த நேரத்துக்கு ஐடில் நிற்கும், உண்மைதான். ஆனால் தட்டு திறந்தே இருப்பதால் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜும் கூடிவிடும். பெரும்பாலான வண்டிகளில் மூடிய நிலையில் 0.5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டியது அது. அளவு மீறினால், கால் ஆக்ஸிலரேட்டரில் இருப்பதாக ஈசியு எடுத்துக்கொண்டு ஐடில் வால்வைக் கட்டுப்படுத்துவதையே விட்டுவிடும். பிறகு கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாலும் ஆர்பிஎம் 1,500-லேயே தொங்கும். ஸ்க்ரூவை வந்த நிலைக்கே கொண்டுவந்து, தட்டின் ஓரத்துக் கரியைத் துடைத்து, ஐடில் வால்வைச் சுத்தம் செய்து, எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் சூடான பின் பாருங்கள்.

எர்த்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஹெடர்ஸ் மாட்டக் கழற்றிய எர்த் பட்டையை, பெயின்ட் அடித்த பிராக்கெட்டின் மேல் அப்படியே திரும்ப முடுக்கினால் எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் தப்புக் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஃபேன், ஏசி எல்லாவற்றையும் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும், மறு முனையைப் பேட்டரி நெகட்டிவ்வின் ஈயக் கம்பத்திலேயே, கிளாம்பில் அல்ல, வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் பெயின்ட்டைச் சுரண்டி, பட்டையைப் புதிதாகப் போட வேண்டும்.

ஹெடர்ஸே இன்னும் இரண்டு வம்புகளைக் கொண்டுவரும். ஒன்று, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஃபிளாஞ்சில் (குழாய்களை இணைக்கும் தட்டில்) லேசான லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் லீன் என்று சொல்லும், ஈசியு தேவையில்லாமல் பெட்ரோலை ஊற்றும். பெட்ரோல் அதிகமாகி ஸ்பார்க் பிளக் கறுத்திருக்க, சென்சார் மட்டும் லீன் காட்டினால் முதலில் ஃபிளாஞ்சைப் பாருங்கள். மற்றொன்று, சென்சாரைப் பின்னால் தள்ளி மாட்டினால் ஐடிலில் சூடு போதாது. ஹீட்டர் உள்ள சென்சார்தான் அங்கே ஒழுங்காக வேலை செய்யும்.

காற்று வெப்பநிலை சென்சார் ஹெடர்ஸின் அனலுக்குப் பக்கத்தில் இருந்தால், வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது இழுபறியாகும். சென்சார் 65 டிகிரி காட்டும், உள்ளே வரும் காற்றோ அவ்வளவு சூடு இல்லை. பெட்ரோல் குறைந்துவிடும். ஃபில்டர் பக்கத்துப் பைப்புக்கு அதை மாற்றினால் சரியாகும்.

கேம்ஷாஃப்டை மாற்றியவர்கள் பழைய 850 ஆர்பிஎம்மையே எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஸ்டாண்டர்ட் கேமில் ஐடிலில் 30-40 கிலோபாஸ்கல் இருந்த அழுத்தம், ஓவர்லாப் (உள்வால்வும் வெளிவால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நேரம்) கூடிய கேமில் 50-ஐத் தாண்டும். வண்டி லோடு இழுப்பதாக நினைத்து ஸ்டாண்டர்ட் ஈசியு பெட்ரோலைக் கூட்டும். இதற்கு எந்தப் புதுச் சென்சாரும் பதில் ஆகாது, ட்யூனிங்தான் வழி. ஐடில் இலக்கை 950-1,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, அந்த ஆர்பிஎம்மில் இக்னிஷன் அட்வான்ஸை (தீப்பொறி எவ்வளவு முன்னதாக விழ வேண்டும் என்பது) 12 டிகிரி அளவில் வைத்து, அதற்குக் கீழே இறங்கினால் 16-18 டிகிரி வரும்படி ஈசியுவின் இக்னிஷன் அட்டவணையில் அமைத்தால், ஆர்பிஎம் விழும்போதெல்லாம் எஞ்சின் தானே மேலேறி நிற்கும்.