ரோமர் 11-ஐ வீட்டு வேதபாடத்தில் நடத்துவது எப்படி?

"யூதருக்குத் தேவன் கொடுத்த வாக்குத்தத்தம் இன்னும் செல்லுமா, இல்லை சபைக்கு மாறிவிட்டதா?" வேதபாடம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். முதல் தடவை எனக்கு வந்தபோது செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கால்மணி நேரத்தில் 1948-இல் இஸ்ரேல் நாடு உருவானது, எருசலேம், அந்திக்கிறிஸ்து என்று பேச்சு எங்கோ போய்விட்டது. காபி ஆறியது, ரோமர் நிருபத்தை ஒருவரும் திறக்கவில்லை. இப்போதெல்லாம் மூன்று வாரமாகப் பிரித்துத்தான் நடத்துகிறேன்.

முதல் வாரம் ஆதியாகமம் 15-இல் தொடங்குங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் ஆபிராம் நடுவே பிளந்து எதிரெதிரே வைக்கிறார். அந்தத் துண்டங்களுக்கு நடுவே நடப்பது அக்காலத்து உடன்படிக்கை முறை. வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதியே என்று அர்த்தம் (எரேமியா 34:18-ஐயும் பாருங்கள்). இப்போது கேளுங்கள்: "யார் நடந்தது?" சிலர் சட்டென்று "ஆபிராம்" என்பார்கள். மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அவர் அயர்ந்து தூங்குகிறார். புகைகிற சூளையும் அக்கினியும் மட்டுமே கடந்துபோகின்றன. ஆணை ஒரு பக்கத்திலிருந்து மட்டும்.

அதோடு யாத்திராகமம் 24-ஐயும் வாசியுங்கள். அங்கே ஜனங்களும் வாய்திறந்து "செய்வோம்" என்கிறார்கள். இந்த இரண்டில் எதை வைத்து எதை வாசிக்கிறோம் என்பதில்தான் பிற்காலச் சண்டைகளில் பாதி பிறந்தது என்பது என் எண்ணம்.

நம் வேதப்புத்தகத்தின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் உண்டு. தலைப்பில் 'பழைய ஏற்பாடு' என்று இருக்கிறது. வசனங்களில் அதே பொருளில் 'உடன்படிக்கை' என்று வருகிறது. 'பழைய' என்றதும் காலாவதியானது என்று கேட்கிறவர் முடிவுகட்டிவிடுகிறார். எரேமியா 31:31-ஐ எடுத்து, புது உடன்படிக்கை யாரோடு என்று பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும். அறை கொஞ்சம் அமைதியாகும்.

இரண்டாம் வாரத்துக்கு நர்சரியில் ஒரு ஒட்டு மாங்கன்று வாங்கிவந்துவிடுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தை எல்லாரும் தொட்டுப் பார்க்கட்டும். தோட்டம் வைத்திருப்பவர் யாராவது சொல்லிவிடுவார்: கீழே நாட்டுக் கன்று, மேலே நல்ல ஜாதிக் கொம்பு. ரோமர் 11-இல் பவுல் சொல்வது இதற்கு நேர் தலைகீழ். நல்ல ஒலிவமரத்தில் காட்டொலிவக் கிளையை ஒட்டுகிறார். தோட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்யாத வேலை. பவுலுக்குத் தெரியாமல் இல்லை. 24-ஆம் வசனத்தில் "சுபாவத்துக்கு விரோதமாய்" என்று அவரே எழுதுகிறார். மேன்மை வேரில் இருக்கிறது. புறஜாதிக் கிளைக்கு, அதாவது யூதரல்லாத விசுவாசிக்கு, பெருமை பேச இடமே இல்லை. அடுத்து "எத்தனை மரம்?" என்று கேளுங்கள். ஒன்றுதான். இந்தப் பதிலைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், மூன்றாம் வாரத்துக்கு வேண்டும்.

மூன்றாம் வாரம் கொள்கைகள். கொள்கையின் பெயரைச் சொல்லாமல், ஒவ்வொன்றையும் அதன் பலமான வசனத்தோடு முன்வையுங்கள்.

சபையே மெய்யான இஸ்ரவேல் என்ற பார்வை இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டினிடமே இருக்கிறது. கலாத்தியர் 3:29-உம் எபிரெயர் 8:13-உம் இதற்குப் பலம். இது எங்கே கொண்டுவிடக்கூடும் என்பதையும் மறைக்காதீர்கள். 1523-இல் யூதரிடம் அன்பாயிருங்கள் என்று எழுதிய சபைச் சீர்திருத்தவாதி லூத்தர், 1543-இல் ஜெபஆலயங்களைக் கொளுத்தச் சொன்னார். அமெரிக்க லூத்தரன் சபை 1994-இல் அதை வெளிப்படையாக மறுதலித்தது.

இரண்டாவது, இஸ்ரவேல் வேறு, சபை வேறு, தேசத்தைப் பற்றிய வாக்குத்தத்தம் எழுத்தின்படியே நிறைவேறும் என்பது. 19-ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் இதற்கு வடிவம் கொடுத்தார். 1909-இல் விளக்கக் குறிப்புகளோடு வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் பரப்பியது. பெயர் தெரியாமலே நம்மில் பலர் இதைத்தான் நம்புகிறோம். "இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்ற ரோமர் 11:26-ஐ நேராக வாசிப்பது இதன் பலம். ஆனால் சுவரில் ஒரு மரம்தானே இருக்கிறது? அதே வசனத்து "இஸ்ரவேலரெல்லாரும்" என்பதை இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த தேவஜனம் என்று வாசித்தார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, யூதருக்குத் தேவன் கொடுத்த அழைப்பு ரத்தாகவில்லை என்பது. 11:29-தான் ஆதாரம். 1965-இல் கத்தோலிக்க சபையின் வத்திக்கான் சங்கம் யூதரைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது இதே ஒலிவமரத்தைத்தான் எடுத்தாண்டது. சிலர் இன்னும் ஒரு படி போய், யூதருக்குக் கிறிஸ்துவே தேவையில்லை என்பார்கள். அவர்களிடம் 9-ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களைக் கொடுங்கள். பவுல் அங்கே துக்கத்தால் துடிக்கிறார். தேவையில்லை என்றால் அந்தத் துடிப்பு எதற்கு?

"உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்" என்று ஆபிராமுக்குச் சொன்ன ஆதியாகமம் 12:3-ஐக் காட்டி "இஸ்ரேல் என்ன செய்தாலும் ஆதரிக்கணும்" என்று ஒருவர் சொல்வார். வாக்குத்தத்தம், யூத ஜனம், இன்றைய அரசாங்கம் என்று மூன்று சீட்டு எழுதி மேஜையில் தள்ளித்தள்ளி வையுங்கள். அந்த வசனம் எந்தச் சீட்டில் ஆரம்பித்து எதுவரை போகிறது என்று அவரே வைத்துக் காட்டட்டும். பெத்லகேமில் இதே வசனத்தை வாசிக்கிற பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்று ஞாபகப்படுத்துங்கள்.

போன முறை முடிக்கும்போது, மூன்று வாரமும் வாய்திறக்காத ஒரு பாட்டி மாங்கன்றைப் பார்த்துக்கொண்டே, "அப்போ ஒடிஞ்ச கிளை காய்ஞ்சுதானே போயிருக்கும், ஐயா?" என்றார். 23-ஆம் வசனத்தை அவரையே வாசிக்கச் சொன்னேன்: "அவர்களை மறுபடியும் ஒட்டவைக்கிறதற்குத் தேவன் வல்லவராயிருக்கிறாரே." காய்ந்ததையுமா என்று கேட்டார். அதோடு ஜெபத்துக்குப் போய்விட்டோம்.